வாளைக் கருவாடு காவல் காத்த ஐம்பத்திரண்டாயிரம்

எண்ணூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் யாராவது கருவாட்டுக் கூடையோடு ஏறினால், பெட்டியில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் மட்டும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். எனக்கு அது மீன் வாசனை இல்லை, பண வாசனை. உப்பு, வெயில், கொஞ்சம் எண்ணெய், நிறைய அவமானம் எல்லாம் கலந்த வாசனை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தாறு வயது வரை என் கையில் ஐந்தாயிரம் ரூபாய் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு எழுத்தர் வேலை. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எந்தப் பெட்டி வெளியே போனது என்று எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். என் சம்பளத்தைப் பொறுத்தவரை வெளியே போவது மட்டும்தான் நடந்தது.

சேமிக்க முயற்சி செய்யாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. மண் உண்டியல் வாங்கினேன். மூன்றாவது வாரம் மனைவியின் கொண்டை ஊசியை வைத்து நூறு ரூபாய் நோட்டைச் சுருட்டிச் சுருட்டி வெளியே எடுத்தேன். அந்த நுணுக்கத்தை வேறு எதிலாவது காட்டியிருந்தால் நான் இந்நேரம் கண் டாக்டர். வங்கியில் போட்டேன், ஏடிஎம் அட்டையும் கூடவே கொடுத்துவிட்டார்கள். (யாருடைய தப்பு?) மனைவியிடமே கொடுத்து வைத்தேன். எட்டாவது நாள் அவளிடம் போய், அடிவானத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசி, திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு? துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் பெயரைப் படிக்க ஒரு பழைய பைனாகுலர் வாங்க. அதில் ஒரு கண் மட்டும்தான் தெரியும். ஒரு கண்ணால் பார்த்தாலும் கப்பல் கப்பல்தானே என்று வீட்டில் சொன்னேன். அந்த நாட்களில் நான் கவிதை எழுதுவேன், எதைக் கேட்டாலும் கடலை இழுத்துவந்து பதில் சொல்லும் வியாதியும் எனக்கு இருந்தது.

மனைவி பெயர் செலின். ராயபுரத்து மீனவக் குடும்பம். அவளுடைய வேலை தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, வருகிறவர்களின் கையைப் பிடித்து ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். வலிக்காமல் எடுப்பாள் என்று பெயர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள், "அந்த சிஸ்டர் இருந்தா வரோம்" என்று போன் செய்து கேட்டுவிட்டு வருவார்கள்.

அந்தக் கோட்டுதான் பிரச்சினை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டால், சாயங்காலத்துக்குள் அது மனசு மாறிவிடும். காற்று வடக்கேயிருந்து வந்தால் சாம்பல் நிறம். லாரிப் போக்குவரத்து அதிகமாக இருந்தால் பழுப்பு. மழை தூறினால் புள்ளி போட்ட டிசைன். ஒரே கோட்டை செலின் ஒரு நாளைக்கு இரண்டு முறை துவைப்பாள், முறுக்கிப் பிழிவாள், வீட்டுக்குள்ளேயே மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுவாள். பத்து வருஷமாக முறுக்கிய மணிக்கட்டு ஒருநாள் பதில் பேச ஆரம்பித்தது.

அன்றைக்கு அவள் வேலையிலிருந்து வந்து, வெந்நீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒரு பெரியவரு. நரம்பு நல்லா தெரிஞ்சுதுயா. மூணு தபா குத்திட்டேன். அவுரு திட்டவேயில்ல. 'பரவால்லமா'ன்றாரு. அதான் தாங்கல."

டாக்டர், இனி துணி பிழியவே கூடாது என்றார். பிழிந்துகொண்டே இருந்தால் ஊசி பிடிக்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். ஆகவே எங்களுக்கு ஒரு துணி துவைக்கும் மெஷின் வேண்டும், அது வரும்வரை கோட்டைப் பிழிவது என் வேலை. சும்மா துவைப்பது போதாது. வீட்டுக்குள்ளேயே முழுசாகக் காயவும் வைக்க வேண்டும். பெரம்பூரில் ஒரு பெரிய கடையில் விசாரித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலியோடு சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம். அந்த எண்ணைக் கேட்டதும் கடல்கூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

எங்கள் மகள் மலருக்குப் பதினாலாவது பிறந்தநாள். செலினின் தம்பி அந்தோணி வந்திருந்தான். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகிற குட்டி யானை வண்டி சொந்தமாக வைத்திருப்பவன். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்: "மாமா, தவணைல எடுத்துக்குடு. நான் கையெய்த்து போடறேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பைனாகுலர் விஷயத்தில் அவனுக்கு ஏற்கெனவே என்மேல் ஒரு பார்வை. எழுந்து நின்று (பிறந்தநாள் தொப்பியோடு), "கடன் கிடையாது, தவணை கிடையாது. ஒரே வருஷம். ரொக்கம்!" என்றேன்.

அந்தோணி கேக்கை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான். "மாமா, உன் கைல காசு ஐஸ் மாரி. நாங்களாச்சும் ஐஸ் மேல உப்பு போடுவோம், கொஞ்ச நேரம் நிக்கும். நீ இன்னா போடுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். செலின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் 'உப்பு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "இந்த வூட்ல நீ கை வெக்காத எடம் ஒண்ணு சொல்லு."

யோசித்தேன். பீரோ, அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால், அவளுடைய பழைய கைப்பை, மலரின் ஜாமெட்ரி பாக்ஸ். எல்லாவற்றிலும் என் கைரேகை இருந்தது.

"நான் சொல்றேன்," என்று அவள் பரணைக் காட்டினாள். அங்கே ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. "கருவாடு."

என் வாழ்க்கையின் இன்னொரு அவமானத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ராயபுரத்து மீன்காரர்கள் வீட்டு மாப்பிள்ளையான எனக்குக் கருவாடு ஆகாது. நான் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மீன் சாப்பிடுவேன், ஆனால் கருவாட்டு டப்பா திறந்தால் குடலே எழுந்து நின்று ஜன்னலைத் தேடும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஆசையாகப் பரிமாறிய கருவாட்டுக் குழம்பைப் பார்த்துவிட்டு நான் வாசலுக்கு ஓடிய ஓட்டத்தை அந்தச் சந்தில் இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

செலினின் திட்டம் எளிமையானது. அவளுடைய அம்மா வீட்டிலிருந்து ஒரு கிலோ வாளைக் கருவாடு வரும். அது சமைக்க இல்லை, காவலுக்கு. டப்பாவின் அடியில் ஒரு ஜிப் வைத்த தடிப் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் கருவாடு. யார்டில் ஓவர்டைம் பணம் சனிக்கிழமை கையில் தருவார்கள். அதிலிருந்து வாரம் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. நானே என் கையால் கருவாட்டை விலக்கி, கவருக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூட வேண்டும். ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. ஆயிற்றா? அவள் டப்பாவைத் திறக்கவே மாட்டாள். "நான் தொறந்தா எனக்கும் பண்டிகைக்குப் பொடவை ஞாபகம் வரும். நீ தொறந்தா வாந்திதான் வரும். அதனால நீயே போடு. எடுக்க மாட்ட, தெரியும்."

இருபது வருஷம் குடும்பம் நடத்திய ஒருத்தியால் மட்டுமே ஒரு மனிதனின் பலவீனத்துக்கு அவனுடைய இன்னொரு பலவீனத்தைக் காவல் வைக்க முடியும்.

முதல் சனிக்கிழமை மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். கண்ணை இறுக்கி மூடினேன். ஒரு கையால் டப்பா மூடியைத் திறந்தேன், மறு கையை உள்ளே விட்டேன். ஏதோ வழவழப்பாகத் தட்டுப்பட்டது. நோட்டை அதற்கடியில் செருகினேன், மூடியைச் சாத்தினேன், இறங்கினேன். மொத்தம் பதினொரு விநாடி. மலர் போனில் நேரம் பார்த்தாள்.

"சிப்பு மூடினியா?" என்று கீழிருந்து செலின் கேட்டாள்.

"மூடிட்டேன்," என்றேன்.

மூடவில்லை. ஜிப்பை மூட இரண்டு கை வேண்டும், இரண்டு கண் வேண்டும், முக்கியமாகப் பதினொரு விநாடிக்கு மேல் வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். ஐம்பத்திரண்டு அடுத்த வாரங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திட்டம் வேலை செய்தது! சேத்துப்பட்டில் ஒரு வயலின் மலிவாகக் கிடைக்கிறது என்று நண்பன் சொன்னான். பரணை நிமிர்ந்து பார்த்தேன். மூக்குக் கிளிப் ஞாபகம் வந்தது. வயலின் போகட்டும் என்று விட்டேன். சாயங்காலம் டீயும் இரண்டு வடையும் நின்றன, ஷேர் ஆட்டோ நின்றது. யார்டிலிருந்து வீடு வரை ரயில் பாதை ஓரமாக நடந்தேன். நடக்க நடக்க ஒரு விஷயம் கவனித்தேன்: வடக்குச் சென்னையில் சாயங்கால வானம் இலவசம். கிரேன்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, அடுக்கிவைத்த பெட்டிகளின் சிவப்பும் நீலமும் ஒரு கணம் ஏதோ பெரிய குழந்தை விளையாடிவிட்டுப் போன மாதிரி இருக்கும். இதைப் பார்க்கவா நான் பைனாகுலர் வாங்கினேன்?

ஐம்பத்திரண்டாவது சனிக்கிழமையும் வந்தது. கடையில் ஆடித் தள்ளுபடி, அதில் மெஷின் அதே ஐம்பத்திரண்டாயிரம்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அதற்குப் பிறகு விலை எட்டாயிரம் ஏறும் என்றார்கள். அந்தோணியைக் கூப்பிட்டுவிட்டிருந்தேன். என் வெற்றியைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டாமா? சாயங்காலம் எல்லோரும் சமையலறையில் கூடினோம். செலின் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, ஒரு வருஷம் கழித்து முதல்முறையாகத் திறந்தாள்.

மலர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

டப்பாவின் அடியில் ஜிப் கவர் இருந்தது. சுத்தமாக, காலியாக, கடையில் வாங்கினபடியே. அதைச் சுற்றிலும் ஒரு பருவமழையும் ஒரு கோடையும் குடித்து ஊறிய கருவாடு. கருவாட்டுக்கு இடையில், மேலே, கீழே, ஒரு துண்டின் வாய்க்குள் சொருகினாற்போலக்கூட, ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். எண்ணெய் பூத்து, உப்புப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

அந்தோணி எட்டிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து மீனோடு புழங்குபவன், ஓரடி பின்னால் போனான்.

"மாமா... உப்பு போடறியான்னு கேட்டேன். இப்டியா போடுவ?"

செலின் என்னைப் பார்த்த பார்வையை என் உரைநடையில் கொண்டுவர முடியாது. "யோவ் கவிஞரே," என்றாள் மெதுவாக. (அவள் என்னைக் கவிஞரே என்று கூப்பிட்டால் வீட்டில் மலர்கூட வேறு அறைக்குப் போய்விடுவாள்.) "ஒரு சிப்பு. ஒரே ஒரு சிப்பு. அத்த மூட உன்னால முடியல?"

"கண்ண மூடிகினு..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ண மூடின, மூக்க மூடின. மூட வேண்டியத மட்டும் மூடல!"

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நோட்டுத் துவைக்கும் படலம் தொடங்கியது. செலினைத் துணி பிழிய விடக் கூடாது என்பதற்காகச் சேர்த்த பணம். ஆகவே நான்தான் துவைக்க வேண்டும் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். மூக்கில் கிளிப். அகலமான ஒரு பேசின். முதல் தண்ணீரில் நோட்டுகளைப் பிரித்தேன். இரண்டாவது தண்ணீரில் சோப்புத்தூள். மூன்றாவதில் எலுமிச்சம்பழம். நான்காவதில், நாற்றம் போக என்று மலர் தன் ஷாம்புப் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினாள். இப்போது கருவாடும் மல்லிகையும் சேர்ந்த ஒரு வாசனை வந்தது. அதற்குக் கருவாடு மட்டுமே தேவலை.

நூற்று நாலு நோட்டு. மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மாட்டினோம். காற்றில் அத்தனை நோட்டும் படபடத்தது திருவிழாத் தோரணம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. அதைப் பற்றி இரண்டு வரி எழுதலாமா என்று நான் யோசித்த நேரத்தில் பூனைகள் வந்தன. முதலில் ஒன்று. பிறகு நாலு. சுற்றுச்சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு, கல்யாணப் பந்திக்கு வந்தவர்கள் போல நிமிர்ந்து பார்த்தன.

"நைனா, பூனைய நான் பாத்துக்கறேன்," என்று மலர் துடைப்பத்தோடு நின்றாள்.

பூனையைப் பார்த்தோம். காக்காயை யார் பார்த்தது?

அது வந்தது தெரியவில்லை. கொடியின் கோடியில் இருந்த நோட்டைக் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, ஐந்நூறு!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே மேலே பார்த்தது. கீழே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "யோவ், காக்கா காசு எடுத்துகினு போவுதுயா!" என்று அறிவித்தார். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "இன்னாடி செலினு, ரூவா நோட்ட காயப்போட்டுகீற? கொயம்புக்கா?" என்றார்.

செலின் பதறவில்லை. உள்ளே போய்க் காவல் கருவாட்டில் ஒரு துண்டைக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்து, நாலடி தள்ளி நின்றாள். காக்காய் யோசித்தது. நோட்டைப் பார்த்தது, துண்டைப் பார்த்தது. எங்கள் தெருவில் அசல் எது, வாசனை மட்டும் எது என்று காக்காய்க்குத் தெரியும். நோட்டை அலகிலிருந்து விட்டுவிட்டுத் துண்டுக்குப் பறந்து வந்தது.

நோட்டு மெதுவாக, சுழன்று சுழன்று, கீழே சாலையை நோக்கி இறங்கியது. எங்கள் வீட்டுக்குக் கீழே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் எப்போதும் வரிசையில் நிற்கும். மணிக்கணக்கில் நகராது. ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்தே சாப்பிட்டுவிடுவார்கள். நோட்டு ஒரு நீலக் கன்டெய்னரின் கூரையில் அழகாகப் போய் உட்கார்ந்தது. அந்தோணி படியில் நாலு நாலாகத் தாவினான். அவன் தெருவுக்குப் போய்ச் சேர்ந்த அந்த நிமிஷம் பார்த்து, வரிசை நகர்ந்தது.

நான் மாடியில் நின்று கையை ஆட்டினேன். வேலைப் பழக்கத்தில் பெட்டியின் எண்ணை வாய் தானாக முணுமுணுத்தது. அந்த ஐந்நூறு ரூபாய் இப்போது எந்த நாட்டில் இறங்கியிருக்கிறதோ. எங்கள் குடும்பத்திலிருந்து வெளிநாடு போனது அது ஒன்றுதான்.

மீதி நூற்று மூன்று. அரைகுறையாகக் காய்ந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியில் பணம் போடும் இயந்திரம் ஒன்றில் போட்டுவிட்டால் கடையில் போனைக் காட்டிக் கௌரவமாகப் பணம் செலுத்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை. இயந்திரம் நோட்டுக் கட்டை வாங்கி உள்ளே இழுத்தது. என்னவோ முனகியது. பிறகு அத்தனையையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. வரிசையில் பின்னால் நின்றவர், "சார், உள்ள எலி கிலி செத்துருக்குமோ?" என்று கேட்டார். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடை முழுக்க ஏசி. தள்ளுபடியின் கடைசி நாள், கூட்டம். விற்பனையாளர் தம்பி எங்களை அன்பாக வரவேற்று, மெஷினைக் காட்டி, கண்ணாடிக் கதவைத் திறந்து மூடி விளக்கினார். செலின் அந்தக் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "முழுசா காஞ்சுடுமா தம்பி? வெளிய போடவே தேவயில்லையா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் தேவையில்லை என்றார். மூன்றாவது முறை அவள் தன் மணிக்கட்டைத் தானே தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு விலைப் பட்டியலைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஏசி காற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கும். என் தோள் பையிலிருந்து புறப்பட்டது முதலில் டிவி பகுதிக்குப் போனது. அங்கே ஒரு அம்மா குழந்தையின் டயப்பரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குளிர்பெட்டிப் பகுதிக்குப் போனது. மேலாளர் ஒவ்வொரு குளிர்பெட்டியாகத் திறந்து முகர்ந்துகொண்டே வந்தார். எங்கள் விற்பனையாளர் தம்பி பேச்சை நிறுத்தாமலே தன் காலணியின் அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மாமா," என்று அந்தோணி காதில் சொன்னான், "சட்டுனு காச கட்டு. போலீஸு வந்துரும்."

பணம் கட்டும் இடத்தில் கட்டை எடுத்து வைத்தேன். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கட்டை நோட்டு எண்ணும் மெஷினில் வைத்தாள். அது நாலு நோட்டு விழுங்கி, ஐந்தாவதில் சிக்கி, 'பீப்' என்று அழ ஆரம்பித்தது. பின்வரிசை மூக்கைப் பொத்தியது. மேலாளர் கடைசியில் வாசனையின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்து எங்களை நோக்கி வேகமாக வந்தார்.

"சார், இந்த நோட்டெல்லாம் நாங்க எப்படி வாங்குறது? நாளைக்கு பேங்க்ல மாத்திட்டு வாங்களேன்."

நாளைக்கு எட்டாயிரம் கூடுதல். எட்டு சனிக்கிழமை. இரண்டு மாதத் துணி. இந்தத் தடவையும் கடல் உதவிக்கு வரவில்லை. செலின் என் பக்கம் திரும்பவேயில்லை. கைப்பையின் வாரை இறுகப் பிடித்தபடி அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பணத்தை முழுசாகச் சேர்த்துக்கொண்டு வந்து, அதைப் பணம் என்று நிரூபிக்க முடியாமல் நான் நின்றேன்.

அப்போது அந்தக் கேஷியர் பெண் ஒரு நோட்டை எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முகத்தைச் சுளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள். "இது வாளைக் கருவாடுல்லா?"

"ஆமாமா," என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் குரலில்.

"எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஆஸ்டல்ல கருவாடு கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காவ. இந்த மணத்த மோந்து எட்டு மாசமாச்சு." மேலாளரைப் பார்த்தாள். "சார், எல்லாம் நல்ல நோட்டுதான். கிழியல, நம்பர் தெளிவா இருக்கு. நான் கையாலேயே எண்ணிருதேன். தனிக் கவர்ல போட்டு நானே பேங்க்ல கொடுத்துருதேன்."

மேலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாயைத் திறந்தால் மூச்சும் இழுக்க வேண்டும் என்பதால் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் எண்ணினாள். நிதானமாக, ஒவ்வொரு நோட்டாக. செலின் மேசைமேல் குனிந்து அவளிடம் முழுக் கதையையும் சொன்னாள்: பரண், டப்பா, கிளிப், ஜிப், காக்காய். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து இரண்டு முறை எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து எண்ணினாள். "அண்ணே, துணி தொவைக்கிற மெஷின் வாங்கணும்னு காசத் தொவைச்சுக் கொண்டுவந்த மொத ஆளு நீங்கதான்," என்றாள்.

கடைசியில் நிமிர்ந்தாள். "ஐம்பத்தொண்ணு ஐந்நூறு இருக்கு. ஐம்பத்திரண்டு வேணும்லா?"

காக்காய் எடுத்த நோட்டு. என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. அதில் ரயில் பாஸ் மட்டும் இருந்தது. அந்தோணி தன் பையில் கை விட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். "கடன் கிடையாதுன்னு சொல்லியிருக்கேன் மச்சான்."

"அட, ஐந்நூறுக்குமா மாமா!"

செலின் பில்லை வாங்கிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் படித்துப் பழகிய கண். "தே பாருமா, இதுல டெலிவரின்னு ஐந்நூறு கீதே. நாங்களே எடுத்துகினு போனா?"

"அப்ப அது வேண்டாம்கா."

எல்லோரும் அந்தோணியைப் பார்த்தோம். அவனுடைய குட்டி யானை வாசலில் நின்றது. காலையில் மீன் இறக்கிய ஈரம் இன்னும் காயாத வண்டி.

"ஏத்து," என்றான் அந்தோணி.

அப்படித்தான் எங்கள் மெஷின் ஐஸ் தண்ணீர் சொட்டும் வண்டியில், நாலு மீன் கூடைகளுக்கு நடுவே, பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வந்து சேர்ந்தது. நானும் மலரும் பின்னால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு மாடி தூக்கியதில் அந்தோணிக்கு முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் வண்டி எடுக்கவில்லை. முதல் துவையல் செலினின் வெள்ளைக் கோட்டு. கதவைத் திறந்து அவள் அதை எடுத்தபோது சூடாக இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் கன்னத்திலும் வைத்தாள்.

நாலு வருஷம் ஆயிற்று. அவள் கை சரியாகிவிட்டது. இப்போதும் பிள்ளைகளோடு வருகிற தாய்மார்கள், "அந்த சிஸ்டர் இருந்தா வரோம்" என்கிறார்கள். கேஷியர் பெண்ணுக்கு மாதம் ஒரு முறை எங்கள் வீட்டில் செலின் கையால் கருவாட்டுக் குழம்பு. நான் என் நடைப்பயிற்சியை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னும் கருவாடு ஆகாது. ஆகாமல் இருக்கும்வரை நல்லது என்று குடும்பமே பிரார்த்திக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது எதற்குச் சேர்த்தாலும் அதற்கு ஒரு மீன் பெயர். ஆரம்பித்து வைத்தவள் மலர். பரீட்சைக் கட்டணம் நெத்திலி. புதுச் செருப்பு சென்னாக்குனி. அவளுடைய கல்லூரி முதல் வருஷம் சுறா. சுறாவுக்கு இரண்டு வருஷம் ஆனது, ஆனாலும் பிடித்துவிட்டோம். டப்பாவும் பரணும் அதேதான். ஜிப் கவரை மட்டும் செலின் என் முன்னால் நின்று, கண்ணைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்கிறாள். அவளுடைய சொந்தக்காரர்கள் வீட்டில் யாராவது சேமிப்பு என்று பேச்செடுத்தால், "மொதல்ல சிப்ப மூடு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் பேச்சு நகராது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தோணி சாப்பிட வந்திருந்தான். கிளம்பும்போது வாசல் வரை போய், எப்போதும்போலப் பரணை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"மாமா, இப்ப இன்னா மீனு?"

நான் செலினைப் பார்த்தேன். அவள் சொல்லு என்று தலையசைத்தாள். அதுவரை யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டாத ஒரு சின்ன வீடு.

"திமிங்கலம், மச்சான்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டான், இரண்டு படி இறங்கினான், நின்று திரும்பினான்.

"பிஸ்கட் டப்பால அது அடங்காது மாமா. பெருசா ஒண்ணு நான் கொண்டாரேன். நீ போட ஆரமி."